மூச்சுத் திணறும் மாடும் மூடி மறைத்த விற்பனையும்

கொள்முதலில்தான் இலாபம் இருக்கிறது என்று பழைய வியாபாரிகள் சொல்வார்கள். நஷ்டமும் அங்கேதான் இருக்கிறது. அரிசி மூடையில் வண்டு இருந்தாலும், மிளகில் ஈரம் இருந்தாலும், வாங்கிய அன்றே நஷ்டமும் சரக்கோடு சேர்ந்து கடைக்குள் வந்துவிடுகிறது. நமது கண்ணுக்குத் தெரிவதுதான் பிந்தி.

இதற்கு உலகத்திலுள்ள பெரிய உதாரணங்களில் ஒன்று அமெரிக்காவின் மாட்டு வியாபாரம். அங்கே ஒரு முதலாளி பார்த்துப் பார்த்து வாங்கிய கன்று, அவரது பட்டிக்கு வந்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நுரையீரல் நோயில் விழுகிறது. ஆராய்ச்சிக்குக் குறைவில்லை, தடுப்பூசி இருக்கிறது, விலை கூடிய மருந்துகளும் இருக்கின்றன. அப்படியிருந்தும் அந்நாட்டுப் பெரிய பட்டிகளில் மிக அதிக நஷ்டத்தைத் தரும் நோயாக இதுவே நீடிக்கிறது. இதற்கான காரணங்களைத் தேடிப் போனால் அது கிருமியில் தொடங்கி வியாபாரத்தில் வந்து முடிகிறது. ஆகையால்தான் மிருக வைத்தியர்கள் பேசவேண்டிய ஒரு விடயத்தை இந்த வாரம் வர்த்தகப் பக்கத்திற்கு எடுத்துக்கொண்டோம்.

தீனிப்பட்டி என்ற தொழில்

அமெரிக்காவில் மாட்டிறைச்சித் தொழில் பல கைகளாகப் பிரிந்து கிடக்கிறது. பசுவை வளர்த்துக் கன்று எடுப்பவர் ஒருவர். அந்தக் கன்றை வாங்கிக் கொழுக்க வைப்பவர் இன்னொருவர். அறுத்து விற்பது மூன்றாவது கை. நடுவிலே இருப்பவரின் இடத்தைத்தான் 'ஃபீட்லொட்' என்கிறார்கள். நாம் அதைத் தீனிப்பட்டி என்று சொல்லலாம். புல்வெளி கிடையாது. வேலியடைத்த திறந்த மண்தரை, நீண்ட தீனித் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். சுமார் 250 முதல் 350 கிலோ எடையில் உள்ளே வரும் மாடு, சோளம் முதலிய தானியத் தீனியை ஐந்தாறு மாதம் தின்று 600 கிலோவைத் தாண்டி வெளியே போகும்.

டெக்சஸ், கன்சாஸ், நெப்ராஸ்கா, கொலராடோ ஆகிய மாநிலங்கள் இத்தொழிலுக்குப் பேர் போனவை. நாட்டிலுள்ள தீனிப்பட்டிகளின் எண்ணிக்கையில் 1,000 மாடுகளும் அதற்கு மேலும் கொள்ளக்கூடியவை 5 வீதத்திற்கும் குறைவு. ஆனால் சந்தைக்கு வரும் கொழுத்த மாடுகளில் 80 முதல் 85 வீதம் வரை இந்தப் பெரிய பட்டிகளிலிருந்தே வருகிறது.

கன்று எடுப்பவர்களின் நிலை இதற்கு நேர்மாறு. சராசரியாகப் பார்த்தால் ஒருவரிடம் ஐம்பது பசுக்கள்கூட இல்லை. பலர் வேறு வேலை செய்துகொண்டு பக்கத் தொழிலாக மாடு வைத்திருப்பவர்கள். இவர்கள் ஐந்தும் பத்துமாகச் சந்தைக்குக் கொண்டுவரும் கன்றுகளைத் தரகர்கள் ஏலத்தில் எடுத்து, லொறி நிரம்பும்வரை சேர்த்து, பெரிய பட்டிக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரே அடைப்புக்குள் நிற்கும் நூறு கன்றுகள் இருபது முப்பது வீட்டுக் கன்றுகளாக இருக்கும். நோயின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

பயணக் காய்ச்சல்

இந்த நுரையீரல் நோய்க்கு அந்நாட்டு வியாபாரிகள் வைத்த பழைய பெயர் 'ஷிப்பிங் ஃபீவர்'. ஏற்றியனுப்பும் காய்ச்சல் என்று பொருள். கிருமியின் பெயரால் வைத்தியர்கள் அழைப்பதற்கு முன்பே, எதனால் வருகிறதென்று கண்டு வியாபாரிகள் வைத்த பெயர் அது.

ஒரு கன்றின் பயணத்தைப் பாருங்கள். ஆறேழு மாதக் கன்று. நேற்றுவரை தாயின் மடியில் பால் குடித்தது. இன்று காலை தாயிடமிருந்து பிரித்து நேரே லொறியில் ஏற்றுகிறார்கள். ஏலச் சந்தையில் முன்பின் அறியாத நூற்றுக்கணக்கான மாடுகளோடு நிற்கிறது. தொட்டியில் தீனி தின்று பழக்கமில்லை, தொட்டித் தண்ணீரும் பழக்கமில்லை. பிறகு தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து டெக்சஸ், கன்சாஸ் வரைக்கும் 1,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம். தீனி, தண்ணீர், இளைப்பாறுதல் இல்லாமல் மிருகங்களைத் தொடர்ந்து 28 மணி நேரத்திற்கு மேல் ஏற்றிச் செல்லக்கூடாது என்று அங்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1873ஆம் ஆண்டிலேயே அப்படியொரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். இந்த ஓட்டத்தில் கன்றின் எடை ஐந்து முதல் பத்து வீதம் வரை குறைந்துவிடுகிறது. கன்றுகள் அதிகமாக விற்பனைக்கு வருவதும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில்தான். பகலில் வெயில், இரவில் கடுங்குளிர், பட்டியில் தூசி.

இனி நுரையீரலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். மூக்குச் சளிக் காய்ச்சலை உண்டாக்கும் ஹேர்பீஸ் வகை வைரஸ், பரா இன்புளுவென்சா வைரஸ், பிவிடி எனப்படும் வயிற்றோட்ட வைரஸ் போன்றவை முதலில் தாக்குகின்றன. இவை பெரும்பாலும் மாட்டைக் கொல்வதில்லை. மூச்சுக்குழாயின் காவலைத்தான் உடைத்துவிடுகின்றன. அதன் பிறகு வருவது பக்டீரியா. அவற்றில் முக்கியமானது மான்ஹைமியா ஹீமொலிற்றிக்கா. இது வெளியிலிருந்து வந்த திருடன் அல்ல. நல்ல சுகமான மாட்டின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருப்பதுதான். மாடு களைத்து, பயந்து, பட்டினி கிடந்து எதிர்ப்புச் சக்தி இழந்த நேரம் பார்த்துப் பெருகி நுரையீரலுக்குள் இறங்குகிறது. அங்கே அது விடும் நஞ்சு, கிருமியோடு போராட வரும் வெள்ளை இரத்த அணுக்களையே கொன்றுவிடுகிறது. செத்த அணுக்களிலிருந்து கசிவதும் நுரையீரலைத்தான் அரிக்கிறது. பஸ்டுரெல்லா, மைக்கோபிளாஸ்மா முதலிய கிருமிகளும் கூடச் சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே இந்த நோய்க்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. வைரஸ், பக்டீரியா, களைப்பு, கலப்பு, தூசி, குளிர் எல்லாம் ஒன்றாகக் கூடவேண்டும். அந்தப் பட்டியலை வியாபாரியின் கண்ணோடு பார்த்தால், களைப்பும் கலப்பும் மனிதன் உண்டாக்குபவை. கிருமி எல்லாப் பண்ணையிலும் இருக்கிறது. அதற்குக் கதவைத் திறந்து கொடுப்பது நாம் வியாபாரம் செய்யும் முறைதான்.

கணக்குப் புத்தகம் சொல்வது

1,000 மாடுகளும் அதற்கு மேலும் கொள்ளும் பட்டிகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் எடுத்த கணக்கின்படி, 1999ஆம் ஆண்டு உள்ளே வந்த மாடுகளில் 14.4 வீதத்துக்குச் சுவாச நோய் ஏற்பட்டது. 2011ஆம் ஆண்டு அது 16.2 வீதம். இடைப்பட்ட காலத்தில் புதிய மருந்துகள் பல வந்தும் வீதம் இறங்கவில்லை. இந்நோயால் வரும் நஷ்டம் வருடத்திற்கு 800 முதல் 900 மில்லியன் டொலர் வரை என்று 2001இல் ஒரு மதிப்பீடு வந்தது.

இது ஒரு முதலாளியை எப்படித் தாக்குகிறது என்பதற்கு உதாரணமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு கன்று வாங்குகிறார். ஒரு கன்று 1,500 டொலர், எல்லாச் செலவும் போக ஒன்றுக்கு 50 டொலர் ஆதாயம் என்று வைத்துக்கொள்வோம். 5,000 டொலர் கையில் வரவேண்டும். அவற்றில் 16 கன்று நோயில் விழுகிறது. ஒன்றுக்கு மருந்துச் செலவு 30 டொலர் என்றால் 480 டொலர் போய்விட்டது. அந்தப் பதினாறில் இரண்டு செத்துவிட்டால் முதல் 3,000 டொலர் போய்விட்டது. மீதி 98 மாட்டின் ஆதாயம் 4,900. அதிலிருந்து இந்த இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 1,420 டொலர். நூற்றுக்கு இரண்டு மாடுதான் செத்தது, ஆனால் இலாபத்தில் முக்கால்வாசிக்குக் கிட்ட செத்துவிட்டது. பிழைத்த 14 மாடும் எடை குறைந்து நிற்பதை நாம் இன்னும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். மாடு தன் நோயை வெளிக்காட்டாத பிராணி. பலவீனம் தெரிந்தால் வேட்டை மிருகம் தன்னையே குறிவைக்கும் என்று அதன் பிறவிக் குணத்திலேயே இருக்கிறது. பெரிய பட்டிகளில் குதிரையேறிச் சுற்றி வந்து, காது தொங்குகிறதா, மூக்கு ஒழுகுகிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கே ஆட்கள் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் தப்பிவிடுகிறது. 469 எருதுகளின் நுரையீரலை அறுப்பின்போது பரிசோதித்த ஓர் ஆய்வு 1996இல் வெளியானது. நோய்க்கு மருந்து பெற்ற மாடுகளில் 78 வீதத்தின் நுரையீரலில் நோயின் வடு இருந்தது. ஒரு நாளும் நோயென்று பிடிபடாமல், ஓர் ஊசிகூடப் போடப்படாமல் இருந்த மாடுகளில்? 68 வீதம்! அவையெல்லாம் சுகமான மாடு என்ற கணக்கில் தீனி தின்றுகொண்டிருந்தவை. வடுவுள்ள மாடுகள் நாளாந்தம் ஏற்றிய எடையும் குறைவாக இருந்தது. எங்கே ஒழுகுகிறதென்று தெரியாமலே ஒழுகும் ஓட்டைப் பானை இது.

கடைசி வேளையில் வரும் இன்னொரு நோய்

பயணக் காய்ச்சல் பட்டிக்கு வந்த முதல் ஆறேழு வாரத்தில் வருவது. இன்னொரு நுரையீரல் நோய் அதற்கு நேரெதிராக, மாடு கொழுத்து விற்பனைக்கு ஆயத்தமாகும் காலத்தில் வருகிறது. நேற்றுவரை நன்றாயிருந்த மாடு திடீரென்று கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, மூச்சுக்குத் தவிக்கும். நுரையீரல் விறைத்துவிடும். கிருமிக்குக் கொடுக்கும் மருந்து இதற்கு வேலை செய்வதில்லை. தீனிக்கான செலவு முழுவதையும் தின்று முடித்தபின் சாவதால் ஒரு மாட்டுக்கான நஷ்டம் இதிலேயே மிக அதிகம்.

இதன் காரணம் இன்னும் முடிவாகவில்லை. தீனியிலுள்ள ட்ரிப்டோபான் என்ற சத்தை மாட்டின் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் 3-மெதைல் இன்டோல் என்ற பொருளாக மாற்றுகின்றன. அது இரத்தத்தில் கலந்து நுரையீரல் செல்களைச் சிதைக்கும் என்பது, காய்ந்த வெளியிலிருந்து திடீரெனச் செழித்த புல்வெளிக்கு மாற்றப்படும் மாடுகளில் நன்கு அறியப்பட்ட விடயம். தீனிப்பட்டியிலும் அதுவே காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. கோடை வெப்பமும் தூசியும் சேர்ந்து கெடுக்கின்றன என்பது இன்னொரு கருத்து. முன்பு வந்த கிருமி நோயின் மிச்சம் என்பது மூன்றாவது. கிடாரிகளில் இது அதிகம் என்பதால், அவற்றின் சினைப்பருவத்தை அடக்கத் தீனியில் சேர்க்கும் ஹோர்மோன் மருந்தின் மீதும் ஒரு கண் இருக்கிறது. எதுவானாலும் இங்கும் ஒன்று தெளிவு. நெருக்கமும் தூசியும் வேகமாக எடையேற்றும் அவசரமும் கூடிய இடத்தில்தான் இந்த நோயும் காணப்படுகிறது.

ஊசி என்ற குறுக்குவழி

வந்திறங்கும் கன்றுக் கூட்டம் ஆபத்தான கூட்டம் என்று தெரிந்தால், நோயுள்ளது இல்லாதது என்று பாராமல் எல்லாவற்றுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடுவது அங்கே வழக்கமாகியது. நோய் குறையத்தான் செய்கிறது. ஆனால் மருந்துக்கு மசியாத கிருமிகள் உருவாகின்றன. அதன் விலையை மாட்டு முதலாளி மட்டுமல்ல, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மனிதனும் கொடுக்க நேரிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல், மோசமான பராமரிப்பை ஈடுகட்ட இம்மருந்துகளை வழமையாகப் பாவிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 2023 ஜூன் முதல், மனித வைத்தியத்துக்கு முக்கியமான இவ்வகை மருந்துகளை மிருகங்களுக்காக வாங்குவதற்கு மிருக வைத்தியரின் சீட்டு வேண்டும்.

வந்திறங்கியவுடன் தடுப்பூசி போட்டால் போதாதா என்று கேட்கலாம். தடுப்பூசி பலன் தர இரண்டு மூன்று வாரமாவது செல்லும். நோய் அதற்குள் வந்துவிடுகிறது. களைத்துப்போன உடம்பில் தடுப்பூசி சரியாகப் பிடிப்பதுமில்லை. வாங்கியவர் தன் பட்டியில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். விற்பவர் தன் பண்ணையில் முன்கூட்டியே செய்யவேண்டியதுதான் அதிகம்.

நாற்பத்தைந்து நாள்

அந்த வழியை அமெரிக்காவில் கண்டுபிடித்து வெகுகாலமாகிவிட்டது. விற்பதற்கு 45 நாளைக்கு முன்பே கன்றைத் தாயிடமிருந்து பிரித்துச் சொந்தப் பண்ணையிலேயே வைத்திருப்பது. தொட்டியில் தின்னவும் குடிக்கவும் பழக்குவது. காயடித்தல், கொம்பு நீக்கல் ஆகியவற்றை முன்பே முடித்துக் காயம் ஆறவிடுவது. தடுப்பூசியை முறைப்படி இரண்டு தடவை போடுவது. இவ்வளவுதான். இப்படித் தயார்செய்த கன்றுகளுக்குச் சான்றுப் பத்திரத்தோடு விற்கும்போது கூடுதல் விலை கிடைப்பதைச் செய்மதி வழியாக நடக்கும் பெரிய ஏலங்களின் பல வருடக் கணக்குகள் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் எல்லோரும் ஏன் செய்வதில்லை? 45 நாள் தீனிச் செலவு, வேலை, அந்த இடைவெளியில் விலை இறங்கும் பயம் எல்லாம் விற்பவருக்கு. நோயில்லாத கன்றினால் வரும் ஆதாயத்தின் பெரும்பங்கு வாங்குபவருக்கு. பத்துக் கன்று கொண்டுவரும் சிறிய பண்ணைக்காரரின் நல்ல கன்று, சந்தையில் அடுத்தவரின் தயார்செய்யாத கன்றோடு கலந்து ஒரே லொறியில் போய்விடும். 'நான் மட்டும் ஏன் செலவு செய்யவேண்டும்?' என்று அவர் நினைக்கிறார். இவர் நாலு காசு மிச்சம் பிடிக்கிறார், தரகர் ஒரு நாள் மிச்சம் பிடிக்கிறார், லொறிக்காரர் ஒரு தரிப்பு மிச்சம் பிடிக்கிறார். எல்லா மிச்சமும் கடைசியில் கன்றின் நுரையீரலில் கடனாக ஏறுகிறது. கடனை அடைப்பவர் கடைசியில் வாங்கியவர்.

அவுஸ்திரேலியாவில் 14 தீனிப்பட்டிகளில் சுமார் 35,000 மாடுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. பட்டிக்கு வருவதற்கு நான்கு வாரமாவது முன்பே ஒன்றோடொன்று கலந்து பழகிய மாடுகளுக்கு நோய் குறைவு. பக்கத்து அடைப்பு மாடுகளோடு ஒரே தண்ணீர்த் தொட்டியைப் பகிர்ந்த மாடுகளுக்கு நோய் அதிகம்.

நமக்கு முன்பே சொல்லப்பட்டது

இதை வாசிக்கும்போது நமக்கு ஒரு ஹதீஸ் ஞாபகத்துக்கு வராமல் போகாது. நோயுற்ற ஒட்டகங்களை வைத்திருப்பவர் அவற்றை ஆரோக்கியமான ஒட்டகங்கள் தண்ணீர் குடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை இமாம் புஹாரியும் இமாம் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். கிருமி என்ற சொல்லையே உலகம் அறியாத காலத்தில் மாட்டு வியாபாரிக்கும் ஒட்டக வியாபாரிக்கும் இடப்பட்ட கட்டளை அது.

மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்து விற்றிருக்கக்கூடாதா என்று நபியவர்கள் கேட்ட சம்பவமும் நாம் அறிந்ததே. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிந்துவிடும் என்பதும் ஸஹீஹான ஹதீஸ். பரக்கத் அழிவதென்றால் என்ன என்று விளங்காதவர் மேலே போட்ட 5,000 டொலர் கணக்கை இன்னொரு தடவை பார்க்கட்டும்.

நம்மூர் வியாபாரிக்கு

இலங்கையில் அமெரிக்கா போன்ற தீனிப்பட்டிகள் கிடையாது. ஆனால் மாடு கைமாறுவதும் லொறியேறுவதும் இங்கும் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது தூர இடங்களிலிருந்து மாடுகள் வந்து குவிகின்றன. பஸ்டுரெல்லா இனக் கிருமியின் இன்னொரு வகைதான் நமது உலர் வலயத்து எருமைகளையும் மாடுகளையும் தொண்டை வீங்கச் செய்து கொல்லும் தொண்டை அடைப்பான் நோய்க்குக் காரணம். அதுவும் சுகமாகத் தெரியும் மாட்டின் தொண்டையில் ஒளிந்திருந்து, மழையும் களைப்பும் பசியும் கூடும் நேரத்தில் கிளம்புவதுதான். நாடு வேறு, தத்துவம் ஒன்று.

ஆகவே மாட்டோடு சம்பந்தப்பட்ட சகோதரர்கள் சிலவற்றைக் கவனித்தால் நல்லது. வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், எந்த ஊர் மாடு, எத்தனை கை மாறியது, தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். புதிதாக வந்த மாட்டை இரண்டு மூன்று வாரமாவது பழைய மாடுகளிலிருந்து பிரித்து, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். லொறியில் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். வெயில் தணிந்த நேரத்தில் கொண்டுவாருங்கள். இறக்கியவுடன் முதலில் தண்ணீரும் புல்லும் கொடுங்கள். ஊசி போட்ட மாட்டை, மருந்து உடம்பிலிருந்து இறங்கும் நாட்கணக்கு முடியாமல் அறுப்புக்குக் கொடுக்காதீர்கள், அதை வாங்குபவருக்கும் சொல்லிவிடுங்கள். மாடு கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸ் தடைக்குக் காட்டும் காகிதமாக மட்டும் எண்ணாதீர்கள். தெளிவாக நோயுற்ற பிராணி உழ்ஹிய்யாவுக்குச் செல்லாது என்பது மார்க்கச் சட்டம். மூச்சு வாங்கும் மாட்டை மூக்கைத் துடைத்துவிட்டு விற்பவர், வாங்குபவரின் பணத்தோடு அவரது இபாதத்திலும் கை வைக்கிறார்.

மாட்டு வியாபாரம் செய்யாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. வெங்காயம், கோழிக்குஞ்சு, கருவாடு, புடைவை என்று எதுவானாலும், சரக்கு பல கை மாறி வருகிறது. ஒவ்வொரு கையும் தன் பங்குக்கு ஒரு சிறு கவனத்தைக் குறைத்துக்கொண்டால் கடைசிக் கையில் சரக்கு சாகிறது. நல்ல சரக்குக்கு நாலு ரூபாய் கூடக் கொடுக்க வாங்குபவர் மனம் வைக்கவேண்டும், அந்த நாலு ரூபாய்க்குரிய வேலையை விற்பவர் உண்மையாகச் செய்யவேண்டும். இரண்டில் ஒன்று இல்லாமல் போனதால்தான் உலகத்தின் மிகப் பெரிய மாட்டு வியாபாரங்களில் ஒன்று, இத்தனை விஞ்ஞானத்தையும் வைத்துக்கொண்டு, இன்னும் இருமிக்கொண்டிருக்கிறது. நமது வியாபாரங்கள் அப்படி இருமாமல் அல்லாஹ் பாதுகாப்பானாக.